தொழுவத்துச் சூட்டில் பசுமைக்குடில்: எங்கே சறுக்குகிறது?

கறவை மாடு ஒன்று சும்மா நின்றாலே ஒரு கிலோவாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியே விடும். 50 மாடு இருந்தால், பக்கத்துப் பசுமைக்குடிலைச் சூடாக்க 50 கிலோவாட் இலவசம் என்று மனசு கணக்குப் போடும். முதல் சறுக்கல் அங்கேதான். அந்த வெப்பத்தில் கணிசமான பங்கு மூச்சோடு ஈரமாகப் போய்விடுகிறது. மிச்சம் வெதுவெதுப்பான காற்றாகத்தான் கிடைக்கும். 15 டிகிரிக் காற்றை வைத்துக்கொண்டு 18 டிகிரி கேட்கும் தக்காளியைத் திருப்திப்படுத்த முடியாது. கீரையைப் பனியிலிருந்து காப்பாற்றலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால், குறைந்த சூட்டை உயர்த்தித் தரும் ஹீட் பம்ப் வைக்க வேண்டும், கரண்ட் செலவும் சேரும்.

இருப்பதிலேயே மோசமான தவறு, தொழுவக் காற்றை அப்படியே குழாய் வழியாகக் குடிலுக்குள் விடுவது. கார்பன் டை ஆக்சைடும் கூடவே வருமே என்பார்கள். வரும், அம்மோனியாவும் வரும். மாடு பொறுத்துக்கொள்ளும் அளவே நாற்றின் இலை ஓரத்தைக் கருக்கிவிடும். அப்புறம் ஈரம்: 15 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 12 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த கூரையில் பட்டதுமே வியர்க்கும். அந்த நீர் இலையில் சொட்டினால் சாம்பல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

ஆகவே நடுவில் வெப்பப் பரிமாற்றி, அதாவது காற்றைக் கலக்கவிடாமல் சூட்டை மட்டும் கடத்தும் கருவி, அவசியம். அதிலும் செம்பு வேண்டாம், அம்மோனியா அரித்துவிடும். பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. கோழிக் கொட்டகை என்றால் இறகுத் தூசியும் தீவனத் தூளும் உள்ளே வடியும் நீரோடு குழைந்து, ஈரக் கம்பளி மாதிரி தகடுகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். கழற்றிக் கழுவ முடியாத கருவியை வாங்கவே வாங்காதீர்கள்.

சூடு வீணாகிறதே என்று மின்விசிறியைக் குறைப்பவர்களும் உண்டு. குடில் தப்பும், கன்றுக்கு நிமோனியா வரும். எவ்வளவு காற்று வெளியேற வேண்டும் என்பதை விலங்குகளின் தேவைதான் முடிவு செய்யவேண்டும்.

பலர் கவனிக்காதது பாலை. 1,000 லிட்டர் பாலை 36 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 36 யூனிட் வெப்பம் வெளியேறும். பால் குளிரூட்டியின் கம்ப்ரசர் அதைச் சும்மா வெளியே ஊதித் தள்ளிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்தால் 50 டிகிரி வெந்நீர்கூட எடுக்கலாம். நாற்றுப் படுக்கைக்கு அடியில் குழாயில் ஓடவிட அது தாராளம். ஆனால் இந்தச் சூடு கறவை நேரத்தில் வருகிறது, குடிலுக்குத் தேவைப்படுவதோ விடியற்காலையில். நன்றாகக் காப்பிட்ட தண்ணீர்த் தொட்டி ஒன்றை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.