இரவு ரயிலா, மலிவு விமானமா? வியன்னா–ரோம் பயணத்தை வைத்து ஒரு செய்முறை

ஐரோப்பா சுற்றிப்பார்க்க வருகிற நண்பர்கள் எனக்கு அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வியன்னாவிலிருந்து ரோமுக்கு விமானம் 25 யூரோ, இரவு ரயில் 80 யூரோ. கீழே ஒரு வரி: "அப்புறம் எதுக்கு ரயில்?"

நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன். மறுநாள் காலை பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருக்க வேண்டும், எந்த நிலையில் இருக்க வேண்டும்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். முதல்முறை போகிறவர்களுக்காக வியன்னா–ரோம் பாதையையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற ஊர்களுக்கும் இதே முறைதான்.

படி 1: ரயில் உண்மையிலேயே ஓடுகிறதா?

இதைப் பழைய பயணக் கட்டுரைகளில் தேடாதீர்கள். இரவு ரயில்கள் வருவதும் நிற்பதுமாக இருக்கின்றன. 2016 டிசம்பரில் ஜெர்மன் ரயில்வே தன் இரவு ரயில்களைக் கைவிட்டது. ஆஸ்திரிய ரயில்வே அதில் ஒரு பகுதியை எடுத்து 'நைட்ஜெட்' என்று பெயர் வைத்து ஓட்டுகிறது. வியன்னா–பாரிஸ் நைட்ஜெட் 2021 டிசம்பரில் தொடங்கி 2025 டிசம்பரில் நின்றுவிட்டது. லிஸ்பன்–மாட்ரிட் இரவு ரயில் 2020 மார்ச்சிலேயே நின்றது, திரும்பி வரவில்லை. ஆகவே, போகிற தேதியைப் போட்டு ரயில்வேயின் சொந்தத் தளத்தில் பாருங்கள். பொதுவான தகவலுக்கு 'சீட் 61' என்ற தளத்தை நம்பலாம்.

பயண நேரம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஒரு புது ஊரில் இறங்கி, கடை திறக்கும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பதில் சுகம் ஒன்றும் இல்லை.

படி 2: வாசலிலிருந்து வாசல்வரை நேரம் எழுதுவது

எல்லாரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். வியன்னாவிலிருந்து ரோமுக்குப் பறக்கும் நேரம் ஒன்றே முக்கால் மணிக்குள். ரயிலுக்குச் சுமார் பதினான்கு மணி நேரம். இப்படி வைத்துப் பார்த்தால் ரயில் கேலிக்கூத்தாகத்தான் தெரியும்.

தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் விமானம். காலை ஆறரைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம் (மலிவு டிக்கெட் பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான் மாட்டும்). நாலரைக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு மூன்றரைக்கு எழ வேண்டும். அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அதற்கு முன்னாலேயே இரண்டு முறை முழிப்பு வரும். எட்டேகாலுக்கு ரோம் ஃபியுமிச்சினோவில் இறங்கி, நடந்து, லியோனார்டோ எக்ஸ்பிரஸ் என்ற விமான நிலைய ரயிலைப் பிடித்தால் 32 நிமிடத்தில் ரோமின் டெர்மினி ஸ்டேஷன். ஒன்பதரை ஆகிவிடும்.

வலப்பக்கம் ரயில். மாலை ஏழு மணி வாக்கில் வியன்னா மத்திய நிலையத்தில் ஏறுகிறீர்கள். காலை ஒன்பதைத் தாண்டி டெர்மினியில் இறங்குகிறீர்கள்.

பாருங்கள், இரண்டும் ஒரே நேரத்துக்கு ஒரே ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுகின்றன! நீங்கள் தூங்கிவிட்டு வந்தீர்களா, கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தீர்களா என்பது மட்டும்தான் வேறுபாடு.

மாலை ஐந்து மணி விமானம் கிடைத்தால் கதை வேறு. இரவு ரோமிலேயே கட்டிலில் படுக்கலாம். ஆனால் வியன்னாவில் ஒரு பிற்பகல் போய்விடும். அதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: 25 யூரோ எப்படி வளர்கிறது

ரயன்ஏர், விஸ் ஏர் என்ற மலிவு விமான நிறுவனங்கள் இரண்டிலும் அடிப்படை டிக்கெட்டில் சும்மா கொண்டுபோகக் கூடியது இருக்கைக்கு அடியில் நுழையும் ஒரு சின்னப் பை: 40, 30, 20 சென்டிமீட்டர். ஈஸிஜெட்டில் 45, 36, 20. சக்கரமும் கைப்பிடியும் சேர்த்துத்தான் இந்த அளவு.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு மலிவு விமானத்தின் கேட்டில் இரும்புக் கூண்டு ஒன்று வைத்திருந்தார்கள். என் பெட்டி உள்ளே போனது, சக்கரம் மட்டும் இரண்டு விரற்கடை வெளியே நின்றது. பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்க, பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டினேன். துணி குறைந்ததே தவிர சக்கரம் குறையவில்லை. டிக்கெட்டை விடப் பெட்டிக்கு அதிகம் கட்டினேன்.

சரி, கணக்குக்கு வருவோம். எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் தேதிக்கு உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் 25, பெட்டி 28, வியன்னாவில் விமான நிலையம்வரை ரயில் 5, ரோமில் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 14. மொத்தம் 72. இதோடு அந்த இரவு தங்க ஒரு சாதாரண அறைக்கு 70. ஆக 142. இரவு ரயிலில் 80தான். பெட்டிக்குத் தனிக் காசு கிடையாது, அறையும் அதிலேயே அடக்கம்.

இதில் ஒரு நேர்மை வேண்டும். வியன்னாவில் மாமா வீட்டில் தங்கியிருந்தால் அந்த 70ஐச் சேர்க்கக் கூடாது. அப்போது 72க்கும் 80க்கும் போட்டி. பெட்டி இல்லாமல் தோள்பையோடு மட்டும் போகிறவருக்கு விமானம் 44தான். அவருக்கு நான் ரயிலைப் பரிந்துரைப்பது என் ஆசைக்காகத்தான் இருக்கும்.

விமான நிலையத்தின் பெயரையும் உற்றுப் பாருங்கள். 'பாரிஸ் போவே' நகரிலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. 'ஸ்டாக்ஹோம் ஸ்கவ்ஸ்டா' சுமார் 100 கி.மீ. பெயரில் ஊர் இருந்தாலும் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் போனால்தான் ஊர் வரும்.

படி 4: எந்தப் படுக்கை?

முதல்முறை போகிறவர்கள் விலையைப் பார்த்து மயங்குவது 'இருக்கை' வகுப்பில். தயவுசெய்து வேண்டாம். இரவு முழுக்க ஆட்கள் ஏறி இறங்குவார்கள், சாய்வதற்கு இடம் போதாது, பைமேல் ஒரு கண் வைத்தே இருக்க வேண்டும். தூங்காத இரவுக்கு விமானமே மேல்.

அடுத்தது 'கூஷெட்', ஜெர்மனில் லீகெவாகன். நம் ஊர் த்ரீ டயர் ஏசி பெட்டியில் சைடு பெர்த்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் இழுத்துச் சாத்தும் கதவு போட்டால் எப்படி இருக்கும்? அதுதான். ஆறு பேர் அறை, நான்கு பேர் அறை என இரண்டு வகை. விரிப்பு, தலையணை, போர்வை தருவார்கள். நாமே விரித்துக்கொள்ள வேண்டும். கதவை உள்ளே தாழிடலாம். தனியாகப் போகும் பெண்கள் பெண்களுக்கான அறையைத் தேர்வு செய்யலாம், பதிவு செய்யும்போதே அந்த வசதி இருக்கிறது. குழந்தைகளோடு நான்கு பேர் போனால் நான்கு பேர் அறையை முழுதாக எடுங்கள். வேற்று ஆள் இல்லை, சத்தத்துக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

அதற்கு மேல் ஸ்லீப்பர். ஒன்றிலிருந்து மூன்று பேர், அறைக்குள்ளேயே வாஷ்பேசின். விலை ஏறும், விமானத்தோடு ஒப்பிடும் கணக்கு அங்கே உடைந்துபோகும். 2023 டிசம்பரில் வியன்னா–ஹாம்பர்க் பாதையில் வந்த புதிய நைட்ஜெட்டில் ஒருவர் மட்டும் படுக்கும் 'மினி கேபின்' உண்டு. தனியாளுக்கு நல்லது. பெரிய உடம்புக்காரர்கள் புரளுவதைக் கொஞ்சம் மறந்துவிட வேண்டும்.

படி 5: டிக்கெட் போடுவது

இங்கே வெயிட்டிங் லிஸ்ட், தட்கல் எல்லாம் கிடையாது. இடம் இருந்தால் டிக்கெட், இல்லையென்றால் இல்லை. இடம் குறையக் குறைய விலை ஏறும். நைட்ஜெட் தளத்திலோ ஆஸ்திரிய ரயில்வே செயலியிலோ நேரடியாகப் போடுங்கள். யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கு ஒரே பாஸ்) இருந்தாலும் படுக்கைக்குத் தனியாக முன்பதிவுக் காசு கட்ட வேண்டும்.

மலிவான டிக்கெட்டுகளை ரத்து செய்தால் பணம் வராது. ரயிலுக்கும் இது பொருந்தும், விமானத்துக்கும் பொருந்தும். விசா வருமுன் இதில் கை வைக்காதீர்கள்.

படி 6: இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு

ஷெங்கன் நாடுகளுக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைச் சோதனை வழக்கமாக இல்லை. ஆனாலும் இரவு ரயிலில் போலீஸ் ஏறிக் கதவைத் தட்டுவதுண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் தலைமாட்டில் வையுங்கள். விமானத்தில் ஆன்லைன் செக்-இன் செய்துவிட்டாலும், சில மலிவு நிறுவனங்கள் ஐரோப்பியர் அல்லாதவர்களின் விசாவைக் கவுண்டரில் ஒருமுறை பார்த்த பிறகே கேட்டுக்கு விடும். அந்த வரிசைக்கும் சேர்த்து நேரம் வையுங்கள். ஆன்லைன் செக்-இன் செய்யாமல் போனால் அதற்குத் தனி அபராதம்.

படி 7: சொதப்பினால் என்ன கிடைக்கும்?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 1500 கி.மீ.க்குள் உள்ள விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிப் போய்ச் சேர்ந்தால் 250 யூரோ இழப்பீடு கேட்கலாம். புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்குக் கிடையாது. ரயிலில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு 50 சதவீதம். ரயிலில் கிடைப்பது கொஞ்சம்தான், ரயில் தாமதமாவதோ அடிக்கடி. எனக்கு ஒருமுறை நான் பதிவு செய்திருந்த பெட்டியே இணைக்கப்படாமல் ரயில் வந்து நின்றது. இரவு முழுக்க உட்கார்ந்துகொண்டே போனேன்.

ஆகவே இறங்கிய இரண்டு மணி நேரத்தில் சென்னைக்கு விமானம் என்றால் முந்தைய இரவு ரயிலில் வராதீர்கள். ஒரு நாள் இடைவெளி வையுங்கள்.

படி 8: ஏறுகிற அன்று

நைட்ஜெட்டில் டைனிங் கார் இல்லை. இரவுச் சாப்பாட்டை ஸ்டேஷன் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் ஊர்க் கடைகள் மூடியிருந்தாலும் ஸ்டேஷன் கடை திறந்திருக்கும்.

ரயில் பெட்டியின் எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள். ஒரே ரயிலின் பெட்டிகள் நடு இரவில் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போவதுண்டு. நண்பர் பெட்டியில் அரட்டை அடித்தபடி தூங்கிவிட்டால் ரோமுக்குப் பதில் வேறெங்கோ விடியும். கோடையில் போனால் முதல் ஒன்றரை மணி நேரம் படுக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே ரயில் செம்மரிங் மலைப் பாதையில் ஏறும். 1854இல் போட்ட பாதை, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

காலையில் ஊழியர் கதவைத் தட்டிச் சின்னத் தட்டு ஒன்று தருவார். இரண்டு உருண்டை ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி அல்லது டீ. சைவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பல் தேய்க்க வரிசை வருமுன் போய்விடுங்கள். கூஷெட்டில் குளியல் கிடையாது.

ஒன்பது மணிக்கு ரோமில் இறங்கினால் அறைச் சாவி பிற்பகல் இரண்டுக்குத்தான் கிடைக்கும். டெர்மினியில் பெட்டி வைக்கும் இடத்தில் மணிக்கணக்கில் காசு. தங்கப்போகும் ஹோட்டலுக்கு முதல் நாளே ஒரு வரி எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் சும்மாவே வைத்துக்கொள்வார்கள்.