ஆப்பிரிக்கச் சிந்தனையில் சுதந்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்கத் தத்துவத்தில் சமூகமே எல்லாம், தனிமனித சுதந்திரத்துக்கு அங்கே இடமில்லை என்று எழுதிவிடுவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. 'நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்' என்று கென்யாவின் ஜான் ம்பிட்டி 1969இல் சுருக்கிச் சொன்னதை மேற்கோள் காட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நைஜீரியரான இஃபியானி மென்கிட்டி 1984இல் அக்கருத்தை மேலும் தீவிரமாக்கி, முழு மனிதராவது பிறப்பால் கிடைப்பதன்று, சமூகக் கடமைகளை ஏற்று வளர்வதால் அடையப்படுவது என்று வாதிட்டார். கானாவின் குவாமே ஜெச்சே இதை ஏற்கவில்லை. குலம் காட்டைப் போன்றது, தொலைவிலிருந்து பார்த்தால் மரங்கள் ஒன்றாகத் தெரிந்தாலும் அருகில் போனால் ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் என்னும், கானாவின் அக்கான் மக்களின் பழமொழியைக் காட்டி, தான் பிறந்த சமூகத்தின் வழக்கங்களைச் சீர்தூக்கிப் பார்த்து, வேண்டாதவற்றைத் தள்ளும் ஆற்றல் மனிதருக்கு உண்டு என்றார். இந்தச் சர்ச்சையை விட்டுவிட்டு எழுதப்படும் அறிமுகம், என் பார்வையில், பாதி அறிமுகம்கூட அன்று.

ஒருமித்த முடிவைக் கருத்துரிமை இன்மையாகக் கொள்வது இன்னொரு தவறு. கானாவின் அசாந்தி மக்களின் பழைய அவைகளில் குலத்தலைவர்கள் பேசித்தான் முடிவெடுத்தார்கள் என்று விளக்கிய கானா தத்துவவாதி குவாசி விரேடு, மாற்றுக் கருத்துடையவர் தம் கருத்தைக் கைவிட வேண்டியதில்லை, என்ன செய்வது என்பதில் இணங்கினால் போதும் என்றார். ஒரு கட்சி ஆட்சியாளர்கள் இம்மரபைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டதை அவர் வெளிப்படையாகவே கண்டித்தார்.

அரசியல் தலைவர்களின் எழுத்தை அவர்களது ஆட்சியிலிருந்து பிரித்துப் படிப்பதும் கூடாது. மக்கள் தம்மைத் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டும், உஜாமா என்னும் கூட்டுவாழ்வுக் கிராமத்துக்கு யாரையும் பலவந்தமாகக் கொண்டுபோக முடியாது என்று 1968இல் எழுதிய தான்சானிய அதிபர் ஜூலியஸ் நைரேரேதான், 1973இல் கிராமங்களில் குடியேறுவதைக் கட்டாயமாக்கினார்.

சுதந்திரம் என்றாலே காலனிய விடுதலை என்று நினைத்துக்கொள்வோர் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுடைய 'ஓரி' பற்றிய விவாதத்தைத் தவறவிடுகிறார்கள். பிறக்குமுன் ஒவ்வொருவரும் தம் உள்தலையை, அதாவது விதியை, தாமே தேர்ந்துகொள்வதாக அம்மரபு சொல்கிறது. ஆனால் எது நல்லது, எது குறையுள்ளது என்று தெரியாமல் எடுப்பதைத் தேர்வு என்று சொல்ல முடியுமா என்று நைஜீரியத் தத்துவவாதி செகுன் கபடெகெசின் கேட்டிருக்கிறார்.