உலர்மரக் கறையான்: அறிதலும் தடுத்தலும்

மண்ணில் புற்று வைத்துச் சுவரில் மண்தடம் இழுத்து வரும் கறையானைப் போலன்றி, உலர்மரக் கறையானுக்கு மண்ணின் தொடர்பே தேவையில்லை. காய்ந்த மரத்திலுள்ள சிறிதளவு ஈரமே அதற்குப் போதும் என்பதால், மண்தடம் இல்லையே என்று நிம்மதி கொள்வது தவறு.

நிலைக்கதவின் அடியிலோ அலமாரித் தட்டிலோ மணல் போன்ற குவியல் தென்பட்டால், அதைத் துடைத்தெறியுமுன் சிறிதளவு வெள்ளைத் தாளில் கொட்டி உருப்பெருக்கியால் பாருங்கள். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமும் ஆறு பட்டைப் பக்கங்களும் கொண்ட மணிகளாக இருப்பின், அவை உலர்மரக் கறையானின் எச்சங்களே. மாவு போன்ற நுண்தூளாக இருப்பின், அது பெரும்பாலும் மரவண்டின் வேலை. குவியலுக்கு நேர் மேலே குண்டூசித் தலையளவு துளை ஒன்றைத் தேடுங்கள். சன்னலோரம் உதிர்ந்த ஒரே அளவுள்ள ஈசல் இறகுகளும், திருப்புளியின் பிடியால் தட்டும்போது எழும் பொள்ளல் ஓசையும் ஐயத்தை உறுதிப்படுத்தும்.

ஈசல்கள் நுழையாதவாறு காற்றுத் திறப்புகளில் நுண்வலை பொருத்தி, மர இடுக்குகளை மக்கு (புட்டி) வைத்து அடைத்து, மேசையின் அடிப்புறம் உட்பட எல்லாப் பரப்புகளுக்கும் வண்ணம் பூச வேண்டும்; பூசாத மரத்திற்கு முதலில் போரேட் (போரான் உப்பு) கரைசல் தடவலாம். பழைய மரச்சாமான்களைச் சோதிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், ஏனெனில் இக்கறையான் பெரும்பாலும் அவற்றினுள் ஒளிந்தே வந்து சேர்கிறது. பல இடங்களில் பரவிவிட்டால், மேற்பூச்சு மருந்து மரத்தினுள் குடைந்த அறைகளை எட்டாது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நச்சுவாயுவால் புகையூட்டுவதே முதன்மையான வழி.