ஒரு சொம்புத் தண்ணீரில் ஒளு செய்வது எப்படி?

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவதுதான் ஒளு. குழாயைத் திறந்துவிட்டுச் செய்தால் அரை வாளி வீணாகும். நபிகள் நாயகம் (ஸல்) ஒரு 'முத்து' தண்ணீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் (நபிமொழி) உண்டு. இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு அது, ஏறத்தாழ முக்கால் லிட்டர். பழகும்வரை சொம்பில் எடுத்துச் செய்யுங்கள்.

முதலில் கையைப் பாருங்கள். நகப்பூச்சு, காய்ந்த மாவு, பெயிண்ட் இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது, ஒளு நிறைவேறாது. மருதாணிச் சிவப்பு வெறும் நிறம்தான், பரவாயில்லை. இறுகிய மோதிரத்தை அசைத்துவிடுங்கள்.

1. பிஸ்மில்லாஹ் சொல்லி மணிக்கட்டுவரை மூன்று முறை கழுவுங்கள்.

2. வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்துங்கள், மும்மூன்று முறை. நோன்பு நேரத்தில் ஆழமாக இழுக்க வேண்டாம்.

3. முகம்: நெற்றி முடி முளைக்கும் இடத்திலிருந்து தாடைக்குக் கீழ்வரை, காதிலிருந்து காதுவரை. ஷாஃபிஈ மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) நிய்யத்து (ஒளு செய்கிறேன் என்ற எண்ணம்) இங்கே, முகத்தில் தண்ணீர் படத் தொடங்கும்போது மனதில் இருக்க வேண்டும். இன்னொரு மத்ஹபான ஹனஃபியில் ஒளுவுக்கு நிய்யத்து சுன்னத்து (நபிவழி, கட்டாயமில்லை).

4. வலக்கை, பிறகு இடக்கை, முழங்கை உட்பட. சட்டைக் கையை அரைகுறையாகச் சுருட்டுவதால் முழங்கையின் பின்பக்கம் காய்ந்தே கிடக்கும். தடவிப் பாருங்கள்.

5. ஈரக் கையால் தலைக்கு மஸஹ் (தடவுதல்). ஹனஃபியில் கால்பங்கு தலை ஃபர்ளு (கட்டாயம்). ஷாஃபிஈயில் கொஞ்சம் பட்டாலும் போதும். முன்னிருந்து பிடரிவரை கொண்டுபோய்த் திருப்பினால் இரண்டுக்கும் சரி. அப்படியே காதுகள்: உள்ளே சுட்டுவிரல், வெளியே கட்டைவிரல்.

6. கால்கள், கணுக்கால் உட்பட. அதிகம் தவறுவது இங்கேதான். விரல் இடுக்குகளை இடக்கைச் சுண்டுவிரலால் கோதுங்கள். பித்தவெடிப்புள்ள குதிகாலில் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும், தேய்த்துக் கழுவுங்கள். சரியாக நனையாத குதிகால்களைக் கண்டு நபிகளார் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள்.

கால் கழுவும்போது கையை மறந்தது நினைவுக்கு வந்தால்? வரிசை ஷாஃபிஈயில் ஃபர்ளு: கையைக் கழுவி, தலையும் காலும் மறுபடி செய்ய வேண்டும். ஹனஃபியில் கையை மட்டும் கழுவினால் போதும்.

மலஜலம், காற்றுப் பிரிதல், படுத்துத் தூங்குதல் ஒளுவை முறிக்கும். இரத்தம் வழிந்தால் ஹனஃபியில் முறியும், ஷாஃபிஈயில் முறியாது. மனைவியின் மேனியில் கை பட்டால் நேர்மாறு: ஷாஃபிஈயில் முறியும், ஹனஃபியில் முறியாது. ஷாஃபிஈ வழி நடப்போர் அதிகமுள்ள கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்தாருக்கு இது தெரிந்த சங்கதி. முறிந்ததோ என்று வெறும் சந்தேகம் என்றால், ஒளு இருப்பதாகவே வைத்துத் தொழலாம்.