தாய்சேய் நல ஆய்வைக் கொள்கைக் குறிப்பாக எழுதிக் கொடுப்பது எப்படி?

சென்னையில், மாநிலச் சுகாதாரத் துறை அலுவலகங்கள் உள்ள தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலோ மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையிலோ உள்ள சுகாதார அதிகாரியிடம் ஆய்வு முடிவுகளைக் கொண்டுசேர்க்க விரும்புவோர், முழு அறிக்கையை அப்படியே நீட்டாமல், இரண்டு பக்கங்களுக்கு மிகாத குறிப்பைத் தயாரிப்பது நல்லது. எந்த முடிவை யார் எடுக்க வேண்டும் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். பின்னணி பிறகு வரலாம்.

பல குறிப்புகள் கோட்டைவிடுவது எண்களில்தான். 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த இந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பின் வெளியேறும் ரத்தத்தை அளவுகோடிட்ட விரிப்பில் சேகரித்து அளந்தார்கள். ரத்தப்போக்கு மிகுதி எனத் தெரிந்தவுடன், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் உள்ளிட்ட சிகிச்சைகளை ஒருசேரத் தொடங்கினார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை சிகிச்சை, அதனால் மரணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் 4.3 விழுக்காடு, புதிய முறையில் 1.6 விழுக்காடு. இதை ‘60 விழுக்காடு குறைவு’ என்று மட்டும் எழுதினால், மரணமே அந்த அளவுக்குக் குறைந்ததாக அவசரத்தில் படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘1,000 பிரசவங்களில் 43 பேருக்குப் பதிலாக 16 பேர்’ என்று எழுதினால், அதிகாரி தம் மருத்துவமனையின் பிரசவ எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்துக்கொள்வார்.

சான்று யாருக்குப் பொருந்தாது என்பதையும் அதே பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வு சுகப்பிரசவங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலோ, 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். இதை நாமே சொல்லாவிட்டால், கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் கேட்பார். அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மாநிலத்தின் மகப்பேறு மரண விகிதம் மூன்றாண்டுத் தரவைச் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஓராண்டுத் திட்டத்தின் பலனை அதில் காட்ட முயல வேண்டாம். மரண விவரங்களை எடுத்துக்காட்டும்போது, பெயரை நீக்கினால் மட்டும் போதாது: வயது, வார்டு, தேதி மூன்றும் சேர்ந்தால், அக்கம்பக்கத்தார் குடும்பத்தை அடையாளம் கண்டுவிடுவார்கள்.

அனுப்புமுன், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவரிடம் வரைவைப் படிக்கக் கொடுத்து, பரிந்துரைத்த வேலையை எந்த ஷிஃப்டில் யார் செய்வது என்று கேட்டு, அவர் சொல்லும் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளவும்.