"பில்டரிடம் கொடுத்தாச்சு" என்பதோடு பொறுப்பு முடியாது: பிரிட்டனில் கட்டட வேலை செய்விப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் கடை நடத்துபவர், வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர், கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் என யார் கட்டட வேலை தொடங்கினாலும் பெரும்பாலும் நினைப்பது ஒன்றுதான்: பில்டரிடம் கொடுத்தாச்சு, பாதுகாப்பெல்லாம் அவர் பாடு. 2015 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் நடப்பில் உள்ள சிடிஎம் (CDM) எனும் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள் இதை ஏற்பதில்லை. வேலையைச் செய்விப்பவர் அந்த விதிகளில் 'கிளையன்ட்'. அவருக்கென்று தனிக் கடமைகள் உண்டு.

குடியிருக்கும் சொந்த வீட்டில் வேலை செய்விப்பவரின் கடமைகள் ஒப்பந்தக்காரருக்கு மாறிவிடும் என்பது உண்மை. இந்தச் சலுகையைத்தான் பலர் தங்களுக்கும் உரியதென்று எடுத்துக்கொள்கிறார்கள். வாடகைக்கு விடும் வீடு வியாபாரம். கடையும் அப்படியே. அங்கே சலுகை கிடையாது.

ஒரே பில்டர்தானே என்று நியமனக் கடிதத்தை விட்டுவிடுவதும் தவறு. அவர் தனியாகத் தொழில் செய்யும் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூட்டிவந்தால் ஒப்பந்தக்காரர்கள் மூவர். ஒருவருக்கு மேல் வருவார்கள் என்று தெரிந்தாலே முதன்மை வடிவமைப்பாளர் (வடிவமைப்பில் பாதுகாப்பை ஒருங்கிணைப்பவர்), முதன்மை ஒப்பந்தக்காரர் (வேலைத்தளத்தில் அதைச் செய்பவர்) இருவரையும் எழுத்தில் நியமிக்க வேண்டும். நியமிக்காவிட்டால் அவர்கள் செய்ய வேண்டியதைச் சட்டம் உங்களிடமே கேட்கும். இங்கிலாந்தில் 2023 அக்டோபர் முதல் கட்டட ஒழுங்குவிதிகளிலும் இதே பெயர்களில் பொறுப்புகள் வந்துள்ளன. சிடிஎம் பொறுப்பையும் இதையும் ஒருவரே ஏற்கலாம், ஆனால் கடிதத்தில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

அடுத்தது எஃப்10 அறிவிப்பு. வேலை 30 வேலைநாட்களுக்கு மேல் நீடித்து, ஏதாவதொரு கட்டத்தில் 20 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேலை செய்தால், அல்லது மொத்தம் 500 ஆள்-நாட்களைத் தாண்டினால், வேலை தொடங்குமுன் எச்எஸ்இக்கு (HSE, பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) அறிவிப்பது கிளையன்ட்டின் கடமை. ஆறு பேர், வாரம் ஐந்து நாள், 18 வாரம் என்றால் 540 ஆள்-நாள். சாதாரணக் கடை விரிவாக்கமே எல்லையைத் தாண்டிவிடும். எஃப்10 தேவையில்லாவிட்டால் சிடிஎம்மும் பொருந்தாது என்பதும் பிழை. ஒரே ஆள் செய்யும் சின்ன வேலைக்கும் கட்டுமானக் கட்டத் திட்டம் வேண்டும்; அதாவது, வேலையை எப்படிப் பாதுகாப்பாக நடத்துவது என்ற எழுத்துத் திட்டம். சாமான் இறக்குமுன் அதை வாங்கிப் பாருங்கள். வேறு தளத்துத் திட்டத்தில் முகவரியை மட்டும் மாற்றித் தருவது வழக்கமாகிவிட்டது. உங்கள் கூரை, உங்கள் பின்வாசல், வேலை நடக்கும்போது கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது அஸ்பெஸ்டாஸ். 2000க்கு முன் கட்டிய எந்தக் கட்டடத்திலும் அது இருக்கலாம்: புள்ளி புள்ளியாகப் பூசிய ஆர்டெக்ஸ் கூரைப்பூச்சு, பாய்லர் பின்னால் உள்ள பலகை, பழைய தரை ஓடு, பின்பக்க கராஜின் சிமெண்ட் தகடு. "சர்வே ஏற்கெனவே இருக்கு" என்று கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் அன்றாடப் பராமரிப்புக்கான சர்வே. அதில் சுவரையும் கூரையையும் உடைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இடித்துத் திருத்துவதற்கு வேண்டியது வேறு. திருத்தவேலை, இடிப்பு சர்வே என்று கேட்டு வாங்க வேண்டும். ஆட்களை வெளியேற்றிவிட்டு, வேலை நடக்கப்போகும் பகுதியைத் திறந்து, மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். இது இல்லாமல் எலக்ட்ரீஷியன் ட்ரில் போட்டால் இழை தூசாகக் கடை முழுக்கப் பரவும். நோய் பல பத்தாண்டு கழித்துத்தான் தெரியவரும். அந்த எலக்ட்ரீஷியனுக்கு யார் பதில் சொல்வது? அறிக்கையை விலை கேட்கும்போதே ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். அப்போதுதான் அகற்றும் செலவும் காலமும் கணக்கில் வரும்.

கழிப்பறை, வெந்நீரோடு கை கழுவ இடம், குடிநீர், உட்கார்ந்து சாப்பிட இடம் முதல் நாளே இருக்க வேண்டும். உங்கள் கடைக் கழிப்பறையைத் தரலாம், முன்கூட்டியே பேசி முடிவு செய்திருந்தால்.

2 மீட்டரோ அதற்கு மேலோ உயரத்திலிருந்து ஆள் விழக்கூடிய சாரத்தை முதலில் ஏறுமுன்னும், பிறகு ஒவ்வொரு 7 நாளுக்குள்ளும் ஒருமுறையும் தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும். பலத்த காற்றுக்குப் பிறகும்தான். சாரத்தில் தொங்கும் அட்டையில் பரிசோதனைத் தேதி பழையதென்றால் யாரையும் ஏற விடாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தக்காரர் இருந்த வேலைக்கு, முடிவில் உடல்நல, பாதுகாப்புக் கோப்பு தர வேண்டும். கேபிள் போன வழி, விட்டுவைத்த அஸ்பெஸ்டாஸ், சுமை தாங்கும் சுவர் எது என்பதெல்லாம் அதில் இருக்கும். கடைசித் தவணைக்கு முன் கேளுங்கள். கடையை விற்றால் வாங்குபவரிடம் ஒப்படையுங்கள்.