சைலாக் ரேஷியோ ஏன் கோணலா வந்துச்சு, எப்படி சரி பண்ணேன்

சைலாக்னா, ஒரு செட் செல்லுக்கு சாதா அமினோ அமிலமும் (லைட்), இன்னொரு செட்டுக்கு எடை கூடுன ஐசோடோப் உள்ள அமினோ அமிலமும் (ஹெவி) குடுத்து, ரெண்டுலயும் புரோட்டீன் அளவ ஒப்பிடுற முறை. லைட் செல், ஹெவி செல் ரெண்டையும் சரிசமமா கலந்து மாஸ் ஸ்பெக்ல (மூலக்கூறு எடைய அளக்குற கருவி) ஓட்டினேன், ஹெவி/லைட் ரேஷியோ எல்லாம் 1:1 வரணும்ல, ஆனா ஒரே புரோட்டீனோட பெப்டைடுகளே (துண்டுகளே) ஒத்துப்போகல, சிலது 1, சிலது 0.8ன்னு நின்னுச்சு. கலக்குறப்ப தப்பாயிடுச்சோன்னு திரும்ப பண்ணேன், அதே தான். கலந்ததுல தப்புன்னா எல்லா பெப்டைடும் ஒரே அளவுல தானே நகரணும்!

அப்புறம் சாஃப்ட்வேர் குடுத்த டேபிள மூடிட்டு ரா ஸ்பெக்ட்ரத்த தெறந்தேன். சார்ஜ் 2 உள்ள பெப்டைடுல, ஹெவி பீக்குக்கு 3 எம்/இசட் (எடைய சார்ஜால வகுத்த அளவு) தள்ளி குட்டியா இன்னொரு பீக், அதாவது எடை 6 டால்டன் அதிகம். ரேஷியோ கொறஞ்ச பெப்டைடு எல்லாத்துலயும் புரோலின்ங்கிற அமினோ அமிலம் இருந்துச்சு. செல்லு நாம குடுக்குற ஹெவி அமினோ அமிலமான ஆர்ஜினின்ல கொஞ்சத்த புரோலினா மாத்திடுது, அதனால ஹெவி சிக்னல் ரெண்டா பிரிஞ்சு ரேஷியோ கொறயுது.

செல்லு ஆர்ஜினின்ல இருந்து புரோலின் செய்யத் தேவையில்லாதபடி, ரெண்டு மீடியத்துலயும் (செல் வளர்ற திரவம்) சாதா புரோலின் லிட்டருக்கு 200 மில்லிகிராம் சேர்த்து, செல்ல புதுசா ஆறு டபுளிங் (ஆறு தடவ ரெட்டிப்பாகுற வரைக்கும்) வளத்தேன், அந்த குட்டி பீக் காணாமப் போச்சு, ரேஷியோவும் 1 கிட்ட வந்துடுச்சு. பழைய டேட்டாவ தூக்கிப் போடல, புரோலின் இல்லாத பெப்டைட மட்டும் வெச்சு திரும்ப கணக்கு போட்டுக்கிட்டேன்.